பந்து வருவதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம். கால்பந்து ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தொலைக்காட்சியில் இரண்டு அணிகளின் பட்டியலும் வரும், பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே 4-3-3 என்றோ 4-2-3-1 என்றோ 3-5-2 என்றோ ஓர் எண்வரிசை இருக்கும். வியூகம் என்கிறோம், ஃபார்மேஷன் என்கிறோம். கோல்கீப்பரை விட்டுவிட்டு மீதிப் பத்துப் பேரைப் பின்களம், நடுகளம், முன்களம் என்று பிரித்து எண்ணுகிற கணக்கு அது. நான் இளம் ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன். முப்பது வருஷமாக இந்த எண்களோடுதான் புழங்கிக்கொண்டிருக்கிறேன். இந்த எண்வரிசைக்கு விசில் ஊதும் வரைக்கும்தான் ஆயுள். ஊதிய அடுத்த நொடியே கலைந்துவிடும். கலையக் கலைய அதைத் திரும்பக் கட்டிக்கொண்டே இருக்கிறவர் ஒருத்தர் நடுகளத்தில் இருப்பார். அவரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும். எங்கள் பயிற்சியாளர் ஒரு நாள் என்னை மைதானத்தின் நடுவில் நிறுத்தினார். எனக்கு எதிரே பத்தடி தூரத்தில் ஒரு பையன், அவன் காலில் பந்து. பயிற்சியாளர் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். "அவன் பாஸ் கொடுப்பான். நான் விரல் காட்டுவேன். பந்து உன் காலில் படுவதற்குள் எத்தனை விரல் என்று சொல்லணும்" என்றார். அவ்வளவுதான் பயிற்சி. பந்து வந்தது. நான் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தபோது அவர் கையை இறக்கிவிட்டிருந்தார். திரும்பவும் வந்தது. இந்த முறை முன்கூட்டியே திரும்பினேன், விரலைப் பார்த்தேன், மூன்று என்று கத்தினேன். ஆனால் பந்து காலுக்கு அடியில் நழுவிப் போய்விட்டது. அன்று சாயங்காலம் முழுக்க இப்படியேதான் போனது. அவர் கோபப்படவே இல்லை. "பந்து காலுக்கு வந்தப்புறம் என்னத்தைப் பார்க்கப்போறே? அதுக்குள்ளே பின்னாலேயிருந்து தட்டிக்கிட்டுப் போயிருப்பான்" என்று மட்டும் சொன்னார்.

எந்தக் கணத்தில் திரும்ப வேண்டும் என்று பிடிபட எனக்குப் பல வாரம் ஆனது. எதிரே இருப்பவன் காலிலிருந்து பந்து கிளம்பிவிட்டால், அது வந்து சேரும் வரை வழியில் திசை மாறாது. அந்த அரை நொடி உங்களுக்குச் சொந்தம். அப்போது தலையைத் திருப்பலாம். அவன் பந்தை உதைக்கப்போகிற கணத்தில் மட்டும் கண் அவன் மேல் இருக்க வேண்டும். உதைத்தான், பந்து கிளம்பியது, தலை திரும்பியது, விரல் தெரிந்தது, தலை பந்துக்கு வந்தது, கால் வாங்கிக்கொண்டது. இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. பந்து வரும் பக்கம் நேருக்கு நேர் நிற்காமல், உடம்பைப் பாதி திருப்பி, ஒரு தோள் பந்துக்கும் மறு தோள் எதிரணியின் கோலுக்குமாக நின்றால், பந்தைத் தூரத்துக் காலில் வாங்கலாம். வாங்கும்போதே முன்னால் பார்த்தபடி இருப்பீர்கள். தனியாகத் திரும்ப வேண்டிய வேலை மிச்சம்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். பக்கக் கண்ணாடியை எப்போது பார்ப்பீர்கள்? பின்னால் ஹாரன் அடித்த பிறகா? திரும்ப வேண்டிய இடம் வருவதற்கு முன்பே ஒரு பார்வை, இன்னொரு பார்வை. யாரும் சொல்லாமலே கண் போய்விடும். நல்ல நடுகள ஆட்டக்காரரின் கழுத்து அப்படித்தான் வேலை செய்யும். நார்வே நாட்டு ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இதை ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார். பந்து கைவசம் வருவதற்கு முந்தைய சில நொடிகளில் ஆட்டக்காரர்கள் எத்தனை முறை சுற்றிப் பார்க்கிறார்கள் என்று காணொளிகளை வைத்து எண்ணினார். அடிக்கடி பார்க்கிறவர்களின் பாஸ்கள்தான் கூடுதலாகச் சரியாகப் போய்ச் சேர்ந்தன. பார்சலோனா அணியின் நடுகளத்தில் ஆடிய சாவி என்பவரைப் பழைய காணொளியில் பாருங்கள். பந்து வேறெங்கோ இருக்கும், அவர் தலை மட்டும் ஓயாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருக்கும்.

இந்த நடு ஆட்டக்காரரை எந்த எண்ணால் கூப்பிடுவது? இதில் எனக்கு ஒரு தனிப் பிரியம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆதியில் வியூகம் 2-3-5. பின்னால் இரண்டு பேர், 2, 3. நடுவில் மூன்று பேர், 4, 5, 6. முன்னால் 7 முதல் 11 வரை ஐந்து பேர். நடுவில் இருந்த மூவரில் நட்டநடுவில் நின்றவர் 5. ஆங்கிலத்தில் அவருக்கு சென்டர் ஹாஃப் என்று பெயர். எதிரணி கோல் பக்கம் எவ்வளவு முன்னேறி நின்று பாஸ் வாங்கலாம் என்று சொல்கிற ஆஃப்சைடு விதி 1925-ல் மாறியது. அதற்கு முன்பு முன்னால் நிற்பவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். அதை இரண்டாகக் குறைத்தார்கள். கோல்கள் பெருகின. பின்களத்துக்கு ஆள் போதவில்லை. இங்கிலாந்து அணிகள் அந்த ஐந்தாம் எண்காரரைக் கீழே இறக்கி இரண்டு பேக்குகளுக்கு நடுவில் நிறுத்தின. பயிற்சியாளர் ஹெர்பர்ட் சாப்மனின் ஆர்சனல் அணி அதில் பெயர் பெற்றது. இன்று வரைக்கும் இங்கிலாந்து வர்ணனையாளர்கள் பின்களத்து நடு ஆட்டக்காரரை சென்டர் ஹாஃப் என்றுதான் சொல்கிறார்கள். ஆள் இடம் மாறிவிட்டார், பெயர் மாறவில்லை.

அர்ஜென்டினாவில் 5 நடுகளத்திலேயே தங்கிவிட்டது. அங்கே ஐந்து என்று சொன்னாலே தற்காப்பு நடுகள ஆட்டக்காரர்தான். அந்நாட்டு ஆட்டக்காரர் ரெடோண்டோ அந்த வம்சம். ஜெர்மனியில் அதே வேலைக்கு ஆறு என்று பெயர். இன்று உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் பேச்சில் ஆறு என்பதே நிலைத்துவிட்டது. பிரேசிலில் அவர் வோலான்தே. 1930-களின் கடைசியில் அங்கே ஃப்ளமெங்கோ க்ளப்புக்கு கார்லோஸ் வோலான்தே என்று அர்ஜென்டினாக்காரர் ஒருவர் வந்து ஆடினார். அவர் பெயரே அந்த இடத்துக்குப் பெயராகிவிட்டது. போர்த்துகீசிய மொழியில் அந்தச் சொல்லுக்கு வண்டியின் ஸ்டியரிங் என்றும் பொருள். இதைக் கேட்ட நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. நான் பிள்ளைகளுக்குக் கண்ணாடி, கண்ணாடி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிரேசில்காரர்கள் வண்டியையே அவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

இனி க்ளோட் மகெலேலே கதைக்கு வருகிறேன். என்னிடம் பயிற்சிக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளையும் இதைக் கேட்டிருக்கும். 2000-ல் ரியல் மாட்ரிட் அணிக்கு வந்தார். உயரம் அதிகமில்லை. கோல் போடுவது அபூர்வம். ஜிடான், ஃபீகோ, ராவுல், பிரேசிலின் ரொனால்டோ என்று நட்சத்திரக் கூட்டம் முன்னால் ஆடியது. இடது பின்களத்திலிருந்து ராபர்ட்டோ கார்லோஸ் எதிரணி கோல் வரைக்கும் ஓடிவிடுவார். இத்தனை பேரும் முன்னால் போனபிறகு பின்னால் இருக்கும் வெட்டவெளிக்கு யார் காவல்? மகெலேலே. பந்து பறிபோன மறு கணம் அது எங்கே வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், அங்கே நிற்பார். எடுப்பார், பக்கத்தில் இருப்பவருக்குப் பத்தடி பாஸ் கொடுப்பார். பெரும்பாலும் பின்னாலும் பக்கவாட்டிலும்தான் பாஸ் கொடுக்கிறார் என்று க்ளப் தலைவரே அவரைக் குறை சொன்னார். ஆனால் அந்தப் பத்தடி பாஸ் ஜிடானுக்குப் போகிறது, பார்த்தீர்களா? அதற்கு மேல் அவர் என்ன செய்ய வேண்டும்?

அவர் இருந்த மூன்று ஆண்டுகளில் ரியல் இரண்டு முறை ஸ்பெயின் லீக் பட்டம் வென்றது, 2001-லும் 2003-லும். இடையில் 2002-ல் ஐரோப்பிய க்ளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக். 2003 கோடையில் பெக்காமை வாங்கினார்கள். சம்பளத்தைக் கூட்டித் தரச் சொன்ன மகெலேலேவை இங்கிலாந்தின் செல்சீ அணிக்கு விட்டுவிட்டார்கள். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்களே, அதுதான் நடந்தது. அந்தப் பருவத்தில் லீக்கில் முன்னணியில் இருந்த அணி, கடைசி ஐந்து ஆட்டங்களிலும் தோற்று நான்காம் இடத்துக்குச் சரிந்தது. அடுத்த லீக் பட்டம் 2007-ல்தான். அதே 2003-ல் பயிற்சியாளர் டெல் போஸ்கேவும் போய்விட்டார், பின்களத்திலும் ஓட்டைகள் இருந்தன. எல்லாவற்றையும் ஒருத்தர் தலையில் கட்டவில்லை. ஆனால் முன்னால் இருந்த நட்சத்திரங்கள் எல்லாரும் அப்படியேதான் இருந்தார்கள். நடுவில் நின்றவர்தான் இல்லை.

செல்சீயில் என்ன ஆனது? 2004-ல் மொரீன்யோ பயிற்சியாளராக வந்தார். 4-3-3 வைத்தார், மூன்றில் கீழே மகெலேலே. இங்கிலாந்தில் அன்றைக்குப் பெரும்பாலான அணிகள் 4-4-2. அதாவது நடுவில் இரண்டே பேர், இரண்டு ஓரத்திலும் விங்கர்கள். இரண்டு பேருக்கு எதிரே மூன்று பேர். அந்த இருவரும் செல்சீ நடுகளத்தின் லாம்பார்டையும் அவருக்குத் துணையாக நிற்பவரையும் பிடித்துக்கொண்டால் மகெலேலேவைப் பிடிக்க ஆளில்லை, நிதானமாகப் பந்தை வாங்கித் தலை நிமிர்ந்து ஆடுவார். ஒருவர் அவரைப் பிடிக்க ஏறி வந்தால் லாம்பார்ட் தனியாக நிற்பார். விங்கர் உள்ளே வந்து உதவினால் ஓரம் திறந்துவிடும். எப்படிப் போர்த்தினாலும் ஒரு பக்கம் கால் வெளியே தெரிகிற போர்வை மாதிரி. அந்த 2004-05 பருவத்தில் செல்சீ 38 லீக் ஆட்டங்களில் வாங்கிய கோல் 15. புள்ளிகள் 95. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம். இங்கிலாந்து ரசிகர்கள் அந்த இடத்தையே மகெலேலே இடம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஆர்சனலும் லிவர்பூலும் ஆடும்போதுகூட!

ஆறாம் எண் என்றால் பறிக்கிறவர் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். ஆந்த்ரேயா பிர்லோ அதற்கு நேர்மாறு. இளம் வயதில் அவர் பத்தாம் எண் ஆட்டக்காரர், கோல் போடுகிற முன்கள ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று ஆடியவர். வேகம் இல்லை, உடல்பலமும் அவ்வளவு இல்லை. 2001-ல் இன்டர் மிலானிலிருந்து ப்ரெஷா அணிக்குக் கடனாக வந்தார். அங்கே பத்தாம் இடத்தில் ரொபெர்த்தோ பாஜ்ஜோ இருக்கிறார். பாஜ்ஜோவை யார் நகர்த்துவது? பயிற்சியாளர் கார்லோ மாட்சோனே பிர்லோவைக் கீழே இறக்கி, பின்களத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தினார். அந்த ஏப்ரலில் யுவென்டஸுடன் ஆட்டம். பிர்லோ கீழே இருந்து தூக்கிக் கொடுத்த நெடும் பாஸ், பின்களத்தாரின் தலைக்கு மேலே போய் ஓடிக்கொண்டிருந்த பாஜ்ஜோவின் தோளுக்கு மேலாக இறங்கியது. பாஜ்ஜோ ஒரே தொடுதலில் அதைத் தணித்து, அதே அசைவில் கோல்கீப்பரைத் தாண்டி கோல் போட்டார். எல்லாரும் அந்தத் தொடுதலைப் போற்றுவார்கள், போற்ற வேண்டியதுதான். நான் பிள்ளைகளுக்குக் காட்டும்போது கொஞ்சம் பின்னால் ஓட்டி, பிர்லோ தலை நிமிர்ந்து பார்க்கிற கணத்தில் நிறுத்திவிடுவேன்.

மேலே இருந்தபோது அவர் முதுகில் ஆள் ஒட்டிக்கொண்டே இருந்தார்கள். கீழே இறங்கியதும் முழு மைதானமும் கண் முன்னால். பிறகு ஏசி மிலானில் பயிற்சியாளர் ஆஞ்செலோட்டி அவரை அதே இடத்திலேயே வைத்தார். அவர் ஓட வேண்டிய ஓட்டத்தையும் சேர்த்து ஓட கட்டூஸோவைப் பக்கத்தில் வைத்தார். இது முக்கியம், திரும்பவும் சொல்கிறேன்: பிர்லோ தனியாக இல்லை, பிர்லோவும் கட்டூஸோவும். நடுகளம் எப்போதும் ஒரு கூட்டணி. 2003, 2007 சாம்பியன்ஸ் லீக், 2006 உலகக் கோப்பை, மூன்றிலும் அந்த இருவரும் இருந்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று விரல் காட்டுகிறார்கள். மூன்று நிமிடம். எட்டாம் எண், பத்தாம் எண் என்று குறித்து வைத்திருந்த பக்கம் இன்னும் திருப்பப்படாமல் இருக்கிறது, சுருக்கிவிடுகிறேன். பழைய பத்தாம் எண்ணுக்கு இன்று இடம் குறைந்ததற்குக் காரணம், 4-2-3-1 போன்ற வியூகங்களில் எதிரணி இரண்டு ஆறாம் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் உலவிய இடத்தை அடைத்துவிட்டதுதான். அதனால் டி ப்ரைன் போன்றவர்கள் நட்டநடுவை விட்டு, நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட பட்டையில் நின்று ஆடுகிறார்கள். ஜெர்மன்காரர்கள் அதைப் பாதிவெளி என்பார்கள்.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நடுகளத்தில் ஆள் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், ஆனால் பதினொன்று பன்னிரண்டாகாது. பயிற்சியாளர் குவார்டியோலா பின்களத்திலிருந்து ஆள் எடுத்தார். 2013-ல் பயர்ன் மியூனிக்கில் பின்களத்து ஓரத்தில் ஆடும் ஃபுல் பேக் ஃபிலிப் லாமை ஆறாம் எண்ணாக ஆட வைத்தார். 2023-ல் மான்செஸ்டர் சிட்டியில் பின்களத்து நடுவில் ஆடும் சென்டர் பேக் ஜான் ஸ்டோன்ஸ், பந்து தங்கள் அணியிடம் இருக்கும்போது நடுகளத்துக்கு ஏறி ஆறாம் எண் ரோட்ரிக்குப் பக்கத்தில் நிற்பார், பந்து போனதும் பின்களத்துக்குத் திரும்புவார். ஒரே ஆள், ஒரே ஆட்டம், இரண்டு வியூகம். திரையில் காட்டிய எண்வரிசையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்த ஆண்டு ஜூன் 10, இஸ்தான்புல், சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், எதிரே இன்டர் மிலான். 68-வது நிமிடம். பின்களத்து அகாஞ்ஜி பந்தோடு மேலேறி பெர்னார்டோ சில்வாவுக்குக் கொடுக்கிறார், அவர் கோல் கோட்டுப் பக்கமிருந்து பின்னோக்கித் தள்ளுகிறார், பந்து ஒருவர் மேல் பட்டுப் பெனால்டி பகுதிக்குள் உருண்டு வருகிறது. எல்லார் கண்ணும் கோல் வாசலில். கீழே நின்றிருக்க வேண்டிய ரோட்ரி, பந்து வந்து சேரும் இடத்துக்கு அதற்குள் வந்து சேர்ந்திருந்தார். ஒரே அடி. 1-0. அந்த ஆட்டத்தின் ஒரே கோல்.

விரல் ஒன்றாகிவிட்டது. வணக்கம்.