வேதாகமப் பெண்களும் நம் பிரசங்க பீடமும்

(பெண்கள் பண்டிகையில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் சேகரத் தலைவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற குருவானவர்களே, ஐயரம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பத்து நிமிடத்தை அன்போடு எடுத்துக்கொண்ட பேராசிரியர் ஐயா அவர்களே, பந்தலுக்குப் பின்னால் காலையிலிருந்து காய் நறுக்கிக்கொண்டிருக்கும் தாய்மாரே, அனைவருக்கும் தோத்திரம். சால்வை போர்த்திய செயலாளர் அம்மாவுக்கு நன்றி. இந்த வெயிலில் அதையும் தாங்கிக்கொள்கிறேன்.

தெபொராள், உல்தாள், மகதலேனா மரியாள், பெபேயாள் என்று நான்கு பேரை அழைப்பிதழில் அச்சடித்துவிட்டார்கள். நேரம் இருந்தால் பிரிஸ்கில்லாளும் வருவாள்.

தெபொராளை எல்லோருக்கும் தெரியும். ராமாவுக்கும் பெத்தேலுக்கும் நடுவே பேரீச்சமரத்தடியில் உட்கார்ந்து இஸ்ரவேலுக்கே நியாயம் விசாரித்தவள். படைத்தலைவன் பாராக், "நீ என்னோடேகூட வந்தால் போவேன்" என்கிறான். அவனைக் கோழை என்று பிரசங்கம் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரை முன்னால் விட்டால் காரியம் நடக்கும் என்று தெரிந்தவன் அவன்.

தீர்க்கதரிசியான உல்தாள் கதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. யோசியா ராஜாவின் 18-ஆம் வருஷம். ஆலயத்தில் நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைக்கிறது. வாசிக்கக் கேட்ட ராஜா வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறார். கர்த்தரிடத்தில் விசாரியுங்கள் என்று பிரதான ஆசாரியன் இல்க்கியாவோடு சேர்த்து ஐந்து பேரை அனுப்புகிறார். யோசியாவின் 13-ஆம் வருஷத்திலேயே எரேமியாவுக்குத் தீர்க்கதரிசியாக அழைப்பு வந்துவிட்டது, தெரியுமா? ஆனாலும் அந்த ஐந்து பேரும் போய் நின்றது உல்தாள் வீட்டு வாசலில். புத்தகம் கையில் இருந்தது, அதன் பொருளைச் சொல்ல அவள் வேண்டியிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நான் எப்போதும் சொல்வேன். என் பழைய மாணவிகள் சிரிக்கிறார்கள், பாருங்கள்.

நம் தென்னிந்தியத் திருச்சபையை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கும் குருப்பட்டம் உண்டு. 2013 செப்டம்பர் 30-இல் எக்கோனி புஷ்பலலிதா அம்மையார் நந்தியாலில் பேராயராக அபிஷேகம் பெற்றார். நமக்கு ஜெபப்புத்தகம் தந்த இங்கிலாந்துத் திருச்சபைக்கு முதல் பெண் பேராயர் வந்தது 2015 ஜனவரியில்தான். கை தட்டுங்கள், தட்ட வேண்டிய விஷயம்தான். தட்டிவிட்டு, உங்கள் ஊர்ப் பீடத்தில் ஒரு பெண் கடைசியாக ஏறியது எப்போது என்று யோசியுங்கள். போன பெண்கள் பண்டிகைக்கு, இல்லையா? ஏட்டுச் சுரைக்காய்!

ஒரு பெண் குருவாக வந்தால் அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதுகூட நமக்கு இன்னும் முடிவாகவில்லை. ஐயரம்மா என்றால் அது ஐயருடைய, அதாவது குருவானவருடைய, மனைவி. அவர் கணவரை என்ன சொல்வது? ஐயரம்மாய்யா என்றா? சரி, அதை விடுங்கள்.

எங்கள் பெரியம்மா கதையைச் சொல்லாமல் நான் எந்த மேடையையும் விட்டு இறங்கியதில்லை. ஊர்ப் பெயர் வேண்டாம், உறவுக்காரர்கள் இங்கேயே இருக்கிறார்கள். 1992 நவம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்ததே, அந்தச் சமயம். ஞாயிற்றுக்கிழமை காலை. ஐயர் அக்கரையில் மாட்டிக்கொண்டார். ஐயர் இல்லாதபோது ஆராதனை நடத்தும் உபதேசியாருக்குக் காய்ச்சல். மணி அடித்தாயிற்று, நாற்பது ஐம்பது பேர் நனைந்த துணியோடு கோயிலுக்குள் உட்கார்ந்திருக்கிறோம். ஆராதனை நடத்த ஆள் இல்லை. கமிட்டி ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார். எழுந்திருப்பார் என்று பார்த்தோம், செருமலோடு சரி.

பெரியம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. ஜெபப்புத்தகம் மனப்பாடம். சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தாள். பீடத்துக்கு ஏறவில்லை, படிக்குக் கீழேயே நின்றுகொண்டாள். பாவ அறிக்கையிலிருந்து தொடங்கினாள். பிரசங்கம் சாறிபாத் விதவையைப் பற்றி. ஒரு பிடி மாவை வைத்துக்கொண்டு எலியாவுக்கு அடை சுட்டாளே, அவள். அரை நிமிடம்தான் பேசியிருப்பாள், அதற்குள், "யார் யார் வீட்டில் அரிசி நனையாமல் இருக்கிறது, கையைத் தூக்குங்க" என்றாள். தூக்கினார்கள். எல்லோருக்கும் சோறு போடும் அசனப் பண்டிகைக்கு வைத்திருந்த பெரிய பாத்திரத்தை இறக்கி, மதியம் இரண்டு மணிக்குள் கோயில் வராந்தாவில் கஞ்சி காய்ச்சியாயிற்று. வீடு இடிந்தவர்கள் எந்தச் சாமி கும்பிடுகிறவர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

பல வருடம் கழித்து அந்தச் சபை மினிட் புத்தகம் என் கைக்கு வந்தது. ஆவலாகப் புரட்டினேன். "உபதேசியார் சுகவீனம். ஆராதனை நடைபெற்றது." அவ்வளவுதான். காணிக்கை எவ்வளவு என்று பைசா சுத்தமாக எழுதியிருந்தது. பெரியம்மா பெயர் இல்லை. அவள் கறியே ஆக்கிப் போட்டுவிட்டாள். ஏட்டில்தான் சுரைக்காய் இல்லை!

இதே திருநெல்வேலிச் சீமையில் 1780-இல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர். முதல் பெயர் குளோரிந்தா. தஞ்சாவூர்ப் பிராமண விதவை. ஓர் ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தார் என்று ஞானஸ்நானம் கொடுக்கத் தயங்கிய ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரே 1778-இல் கொடுத்தார். 1785-இல் பாளையங்கோட்டையில் அந்த அம்மாள் கட்டிய கோயிலைப் பிரதிஷ்டை செய்ததும் அவர்தான். பாப்பாத்தியம்மாள் கோயில் என்றால் இன்றைக்கும் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். 1780-இல் எழுதத் தெரிந்தது 1992-இல் மறந்துபோயிற்று.

"சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்" என்ற வசனத்தைப் பின்வரிசைத் தம்பி ஒருவர் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார். தம்பி, அது அப்போஸ்தலர் பவுல் எழுதிய ஒன்று கொரிந்தியர் 14-ஆம் அதிகாரம். மூன்று அதிகாரம் முன்னால் போங்கள். ஜெபம்பண்ணும் பெண்ணும் தீர்க்கதரிசனஞ்சொல்லும் பெண்ணும் தலையை மூடிக்கொள்ளட்டும் என்கிறார் பவுல். வாயை அல்ல. மீதியைச் சாப்பாட்டு நேரத்தில் பேசுவோம்.

சேகரத் தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டு சீஷர்களுக்குப் போய்ச் சொன்ன மகதலேனா மரியாள் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். பெபேயாளைப் பற்றி ஒரே வார்த்தை. பவுல் தன்னைச் சுவிசேஷத்துக்கு ஊழியக்காரன் என்கிறார், அவளைக் கெங்கிரேயா சபைக்கு ஊழியக்காரி என்கிறார். கிரேக்கத்தில் இரண்டும் ஒரே சொல்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு பெண் பிரசங்கம் செய்யட்டும். பண்டிகை நாளில் அல்ல, சாதாரண ஞாயிற்றில். யார் செய்தார் என்று மினிட்டில் பெயர் போட்டு எழுதுங்கள். இதற்கு முன் மூன்று சபைகளில் கையெழுத்து வாங்கிவிட்டோம். வாசல் மேஜையில் நீல நோட்டு இருக்கிறது. ஆண்களும் போடலாம். பேனாவை நூலால் கட்டி வைத்திருக்கிறோம், போன தடவை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.