பால்மா பக்கெட்டில வெட்டின நட்சத்திரம்

வணக்கம் நேயர்களே. வெளியில மழை கொட்டுது, கடல்முகத் தெருவால வரேக்க காத்துக்குக் குடையைப் பிடிக்கவே ஏலாமப் போச்சு, மார்கழி எண்டா எங்கட திருகோணமலையில இப்பிடித்தானே. நான் சித்திரம் படிப்பிச்சு ஓய்வு எடுத்த ஒரு ரீச்சர். ஒவ்வொரு மார்கழியும் எங்கட வீட்டு விறாந்தையில ஒரு நீட்டு மேசையப் போட்டு வெப்பன், பக்கத்து ரோட்டுப் பிள்ளையள் எல்லாம் வந்து இருந்து கிறிஸ்மஸ் கார்ட் செய்வினம், வேதக்காரப் பிள்ளையள் மட்டுமில்ல, சைவப் பிள்ளையளும் வரும், முஸ்லிம் பிள்ளையள் ரெண்டு மூண்டு பேரும் வரும், ஏனெண்டா பெருநாளுக்கு அவையிட வீட்டால புரியாணிச் சட்டி வாற வீடுகளுக்கு அவையும் ஏதாவது குடுக்கத்தானே வேணும் எண்டு அதுகளுக்கு ஒரு நியாயம் இருக்கு. அந்த மேசையைப் பற்றித்தான் இண்டைக்குக் கதைக்கப் போறன்.

எங்கட அம்மம்மா கிறிஸ்மஸ் எண்டு ஒருநாளும் சொன்னதில்ல, நத்தார் எண்டுதான் சொல்லுவா. அது போர்த்துக்கேயற்ற நத்தால் எண்ட சொல்லில இருந்து வந்தது, திருமலையிலயும் மட்டக்களப்பிலயும் பறங்கியர் வீடுகள்ல இன்னும் கொஞ்சப் பேர் அந்தக் கலப்புப் போர்த்துக்கேயம் கதைக்கினம், அதைக் கேக்கேக்க எனக்கு அம்மம்மாட குரல்தான் ஞாபகம் வாறது.

சரி, கார்டுக்கு வருவம். கடையில விக்கிற கிறிஸ்மஸ் கார்ட் எப்பிடி வந்தது எண்டு தெரியுமோ? 1843ல லண்டன்ல ஹென்றி கோல் எண்டு ஒருத்தர், அரசாங்க உத்தியோகத்தர், சரியான வேலைக்காரர், நத்தாருக்கு எல்லாருக்கும் கையால கடிதம் எழுதி முடிக்க அவருக்கு நேரம் இல்ல, அதுக்கு மூண்டு வருஷம் முன்னம் 1840லதான் ஒரு பென்னி முத்திரையோட கடிதம் போடலாம் எண்டு வந்தது, அதால சனம் எல்லாம் கடிதம் எழுதத் தொடங்கிட்டினம், பதில் போடாட்டி மரியாதையில்லத்தானே. அவர் ஜோன் ஹோர்ஸ்லி எண்ட ஓவியரைப் பிடிச்சு ஒரு படம் வரைவிச்சு ஆயிரம் பிரதி அளவில அடிப்பிச்சார், மிச்சத்தை ஒண்டு ஒரு ஷில்லிங்குக்கு வித்தவை. அந்தப் படத்தை நான் பிள்ளையளுக்குக் கட்டாயம் காட்டுவன். நடுவில ஒரு குடும்பம் கிண்ணத்தைத் தூக்கிப் பிடிச்சு வாழ்த்துச் சொல்லுது, எல்லாரும் அதைத்தான் பாக்கிறது, ஆனா ரெண்டு பக்கமும் பாத்தீங்களெண்டா ஒரு பக்கம் ஏழைகளுக்குச் சாப்பாடு குடுக்கினம், மற்றப் பக்கம் உடுப்பு குடுக்கினம். முதல் கார்டிலயே அது இருக்கு.

ஆனா ஒண்டை யோசிச்சுப் பாருங்கோ, அச்சடிச்ச கார்ட் பிறந்ததே நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான். கையால செய்யிற மட்டை அதுக்கு நேர் மாறு, அதில ஒரு பின்னேரம் முழுக்கப் போகும். அந்தப் பின்னேரத்தைத்தான் நாங்க என்வலப்புக்குள்ள வெச்சுக் குடுக்கிறம். நத்தார் அண்டு விடிய வட்ஸ்அப்பைத் திறந்தா ஒரே மெழுகுதிரிப் படம் பதினொரு பேரிட்ட இருந்து வந்து கிடக்கும், அனுப்பினவையில எனக்குக் கோவம் இல்ல, நினைச்சுத்தானே அனுப்பினவை, ஆனா அதில ஆரை நினைச்சவை எண்டு இல்ல பாருங்கோ.

என்ட தம்பிக்கு நான் சண்டைக் காலத்தில கனடாவுக்கு ஒரு கார்ட் போட்டன். நல்ல கடதாசி ஒண்டும் கையில இல்ல, பழைய கொப்பி மட்டையைக் கிழிச்சு, சோத்துப் பசை வெச்சு, பால்மா பக்கெட்டிட உள்பக்கம் வெள்ளியா மினுங்கும்தானே அதில நட்சத்திரம் வெட்டி ஒட்டினன். கன வருஷத்துக்குப் பிறகு அவன் வந்து நிக்கேக்க அதைப் பற்றிக் கேட்டன், நட்சத்திரம் அவனுக்கு ஞாபகமே இல்ல. நான் உள்ளுக்குள்ள எழுதினது முழுக்கப் பாடம். "நீ நட்ட மாதுளை காய்ச்சிருக்கு, ஆறு காய், நீ வருவாய் எண்டு அம்மா ஒண்டையும் பிடுங்க விடுறா இல்ல." அந்த ஆறு எண்ட கணக்கைக்கூட அவன் மறக்கேல்ல.

அண்டைக்குப் பிறகு என்ட மேசையில ஒரு சட்டம் வெச்சிருக்கிறன், முதல்ல உள்பக்கம் எழுதவேணும், பிறகுதான் படம். "இனிய நத்தார் நல்வாழ்த்துக்கள்" கடைசி வரிக்குத்தான். ஆருக்குக் குடுக்கப் போறாய், அவரைப் பற்றி உனக்குத் தெரிஞ்ச ஒரு விஷயம் சொல்லு எண்டு கேப்பன். போன வருஷம் ஒரு பொடியன், எட்டு வயசிருக்கும், தன்ட கார்டை எங்கட ரோட்டுக்குப் பாட்டோட ஓட்டோவில வாற சூன் பாண் அண்ணாவுக்கு எண்டான். என்னடா எழுதப் போறாய் எண்டு கேட்டதுக்கு கொஞ்ச நேரம் பென்சிலைக் கடிச்சிட்டு எழுதினான், "அண்ணா, எங்கட அம்மம்மாவுக்கு நடக்க ஏலாது எண்டு நீங்க மழைக்குள்ளயும் கேற்றடிக்குக் கிட்டவா வந்து நிப்பாட்டுறீங்க." அந்த மட்டை ஈஸ்டர் வரைக்கும் அந்த ஓட்டோக் கண்ணாடியில ஒட்டியிருந்தது, நான் பாண் வாங்கப் போகேக்கெல்லாம் பாப்பன்.

செய்யிற விதத்தையும் கொஞ்சம் சொல்லோணும், வீட்டில ஆரும் செய்யப் போறவை இருப்பீங்கள். பிரிஸ்டல் போர்ட் மடிக்கிற இடம் வெடிச்சுப் போகுதெண்டு எல்லாரும் குறை சொல்லுறது, முதல்ல அடிமட்டத்தை வெச்சு மை முடிஞ்ச பேனையால ஒரு கோடு அழுத்திக் கீறிப்போட்டு மடியுங்கோ, நேரா வரும். இந்த மாரியில பைண்டர் கம் காயவே காயாது, மட்டை சுருண்டிடும், அதால இரவு முழுக்கப் பாரமான புத்தகத்துக்கு அடியில வையுங்கோ, எங்கட வீட்டில பெரிய பைபிள்தான் அந்த வேலைக்கு. ஃபெல்ற் பேனை வேண்டாம், தபால் பையில ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் ஊறிப் பரவிடும், கலர் பென்சில் பரவாயில்ல. பிள்ளையளுக்குச் சரியான விருப்பமான ஒண்டு இருக்கு, போன வருஷம் மிஞ்சின வெள்ளை மெழுகுதிரித் துண்டை எடுத்து, அதால வெறுங் கடதாசியில நட்சத்திரம் வரைஞ்சா ஒண்டும் தெரியாது, மேல தண்ணியாக் கரைச்ச நீலத்தைப் பூசினா மெழுகு பட்ட இடத்தில மட்டும் கலர் பிடிக்காது, நட்சத்திரம் வெள்ளையா எழும்பி வரும். அந்த நேரம் அதுகளிட மூஞ்சையப் பாக்கோணும். உப்புவெளிக் கரையில பொறுக்கின சிப்பி ஒட்டின மட்டையைத் தபால்ல போடாதேங்கோ, முத்திரை குத்தேக்க நொருங்கிடும், கையில கொண்டுபோய்க் குடுங்கோ.

கடதாசி இல்லாட்டியும் யோசிக்கத் தேவையில்ல. 2022ல பொருளாதார நெருக்கடியில இங்க இருந்த நிலைமை எல்லாருக்கும் தெரியும், மேல் மாகாணத்தில பள்ளிக்கூடச் சோதினையையே கடதாசி இல்லை எண்டு பிற்போட்டவை, அந்த வருஷம் நாங்க கலண்டர்த் தாளிட பின்பக்கத்தில செய்தம். அப்பத்தான் நான் பிள்ளையளுக்கு ஜிட்காட கதையைச் சொன்னன். ரெண்டாம் உலக யுத்தம் முடிஞ்ச கையோட செக்கோஸ்லோவாக்கியாவில ஒரு சின்ன ஊர், அங்க யுனிசெஃப் உதவி போய்ச் சேருது, அதுக்கு நன்றி சொல்ல ஜிட்கா சாம்கோவா எண்ட ஏழு வயசுப் பிள்ளை ஒரு படம் வரையுது, கடதாசி தட்டுப்பாடு, அதால கண்ணாடித் துண்டில. ஒரு கம்பத்தைச் சுத்திப் பிள்ளையள் ஆடுற படம். 1949ல யுனிசெஃப் போட்ட முதல் வாழ்த்து மட்டை அந்தப் படம்தான், பிறகு உலகம் முழுக்க மட்டை வித்து எத்தினையோ பிள்ளையளுக்கு அவை காசு சேத்திருக்கினம். வாங்கின பிள்ளை குடுத்தது அது, அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறன்.

இனி நான் சொல்லப் போறது லேசான விஷயமில்ல, ஆனா திருமலையில இருந்துகொண்டு நத்தாரைப் பற்றிக் கதைச்சிட்டு அடுத்த நாளைப் பற்றிச் சொல்லாம விட ஏலாது. 2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை, போயா எண்டுற பூரணை நாள், சுனாமி வந்த அண்டைக்கு. இலங்கையில 30,000 பேருக்கு மேல கொண்டுபோன கடல், எங்கட கரையிலயும் எத்தினை வீடு. என்னட்டப் படிச்ச ஒரு பொடியனும் போயிட்டான். அடுத்த மார்கழி அவன்ட அம்மாவுக்கு ஒரு மட்டை செய்ய இருந்தன், கை ஓடேல்ல, அதில சந்தோஷம் எண்டு எப்பிடி எழுதுறது? கடைசியா எனக்குத் தெரிஞ்ச ஒண்டைத்தான் எழுதினன், "உங்கட மகன் வள்ளம் வரைஞ்சா எப்பவும் நீலக் கொடிதான் போடுவான், ஏனெண்டு கேட்டா சிரிப்பான்." குடுத்திட்டு நிக்காம வந்திட்டன், எனக்குப் பயம்.

ரெண்டு நாள் கழிச்சு அவ வீட்டுக்கு வந்தவ. கொடியைப் பற்றி அவவுக்குத் தெரியாதாம். பள்ளிக்கூடக் கொப்பியெல்லாம் தண்ணியோட போயிட்டுது. "ரீச்சர், வேற என்ன வரைவான்?" எண்டு கேட்டவ.

இருபது வருஷத்துக்கு மேலாச்சு, ஒவ்வொரு 26க்கும் அவவுக்கு ஒரு மட்டை போகும், ஒவ்வொண்டிலயும் அவனைப் பற்றி ஒரு புது விஷயம். எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் எப்பவோ முடிஞ்சுது, இப்ப அவனோட படிச்ச பிள்ளையளிட்டக் கேட்டு வாங்கிறன், லண்டன்ல இருக்கிறவன் ஒருத்தன் இந்த முறை வட்ஸ்அப்பில குரல் அனுப்பினவன், தன்ட செருப்பு அறுந்த அண்டைக்கு அவன் தன்ட ஒரு செருப்பைக் கழட்டிக் குடுத்து ரெண்டு பேரும் ஒவ்வொரு காலோட நொண்டிக்கொண்டு பாலையூத்து வரைக்கும் நடந்தவையாம். அதை எழுதி, நீலக் கொடியோட ஒரு வள்ளம் வெட்டி ஒட்டி வெச்சிட்டுத்தான் இங்க வந்தனான். இந்த மழைக்கு அது இன்னும் காயேல்ல, பைபிளுக்கு அடியில கிடக்கு.

நன்றி நேயர்களே, வணக்கம்.