ஜீட்டர் தொடாத பந்து எந்தக் கணக்குல வரும்?

வணக்கம் மக்களே! முதல்ல இதப் பாருங்க. பழைய ராலிங்ஸ் கம்பெனி பேஸ்பால் கிளவுஸ். நேத்து பக்கத்துத் தெரு கராஜ் சேல்ல பிடிச்சேன். அந்தப் பெரியவர் 60 டாலர்னார். லேஸ் ஒரு இடத்துல அறுந்திருக்குன்னு காட்டினேன், 50-க்கு இறங்கினார். கிளம்புற மாதிரி நாலடி நடந்தேன். 45! தோலைத் தொட்டுப் பாத்தா வெண்ணெய் மாதிரி இருக்கு.

பேரம் முடிஞ்சதும் அவர்தான் பேச்சை ஆரம்பிச்சார். யாங்கீஸ் டீம் டெரெக் ஜீட்டர் மாதிரி ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கற பீல்டர்) பொறக்கவே இல்லையாம், சிறந்த பீல்டிங்குக்குக் கொடுக்கற கோல்டு கிளவ் அவார்டை 5 தடவை வாங்கினவராம். உங்களுக்கே தெரியும், என் ரூம் சுவத்துல தொங்குறது ஜீட்டரோட நம்பர் 2 ஜெர்சிதான். ஆனா பீல்டிங்னு வந்தா நான் அவர் பக்கம் நிக்க மாட்டேன்.

2008-ல பென்சில்வேனியா யுனிவர்சிட்டி ஆளுங்க கணக்குப் போட்டு, பீல்டிங்ல ஷார்ட்ஸ்டாப் எல்லார்லயும் ஜீட்டர்தான் கடைசின்னாங்க. அவர் என்ன சொன்னார்? எல்லாரும் ஒரே இடத்துல நிக்கறதில்ல, எல்லாருக்கும் அதே பிட்சர் (பந்து வீசுறவர்) இல்ல, இப்படி அளக்கவே முடியாதுன்னார். கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும்னும் சொன்னார். முதல் பாதி நியாயம். பிட்சர் அடுத்து என்ன போடப்போறார், அதுக்கு எந்தப் பக்கம் ரெண்டடி நகரணும்னு களத்துல நிக்கறவருக்குத்தான் தெரியும். கோளாறுன்னு தள்ளினதுதான் எனக்குப் பிடிக்கவே இல்ல.

அந்த ஜம்ப் த்ரோ ஞாபகம் இருக்கா? வலது பக்கம் ஓடி, பேக்ஹேண்ட்ல அள்ளி, எகிறி அந்தரத்துல இருந்தே, பேட்டர் ஓடிப் போற பர்ஸ்ட் பேஸுக்கு வீசுவாரே! இப்பவும் புல்லரிக்குது. அது கண்ணுலயே நிக்கும். இடது பக்கம் எட்டாம உருண்டு போன பந்து? அதை யார் ஞாபகம் வச்சிருக்கா? அது எரர்னு, அதாவது பீல்டர் தப்புன்னு ஏறாது, ஹிட்னு பேட்டர் கணக்குல எழுதிடுவாங்க. 2010-ல அவருக்கு வெறும் 6 எரர், கோல்டு கிளவும் வந்துச்சு. கிட்டயே போகாத பந்துல எரர் எப்படி வரும்?

ஆங், விட்டுட்டேன் பாருங்க, கோல்டு கிளவுக்கு ஓட்டு போட்டது டீம் மேனேஜர்களும் கோச்களும். சொந்த டீம் ஆளுக்குப் போடக்கூடாது. விளையாடினவங்க சொன்னாத்தான் சரின்னு நினைக்கற ப்ளேயர்ஸ் நம்புறது இவங்களைத்தான். இவங்களேதான் 1999-ல பர்ஸ்ட் பேஸ் பீல்டிங்குக்குன்னு ரபேல் பல்மேரோவுக்கும் கொடுத்தாங்க. அந்த வருஷம் அவர் பர்ஸ்ட் பேஸ்ல நின்னது மொத்தமே 28 மேட்ச்! 2013-லிருந்து கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு ஓட்டை பீல்டிங் புள்ளிவிவரத்துக்குன்னு ஒதுக்கினாங்க, அப்புறம்தான் எனக்கு அந்த அவார்டு மேல மரியாதையே வந்துச்சு.

பெரியவர்கிட்ட இத்தனையும் சொன்னேன். ஒத்துக்கவே இல்ல. சரி, லேஸ் ஆர்டர் போட்டிருக்கேன், வந்ததும் மாத்திக் காட்டறேன்.