ஒரு லட்சம் டாலரும் ஓராயிரம் வாக்குவாதமும்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க அரசியலைப் பற்றி இணையத்தில் மல்லுக்கட்டுகிறவர்களில் அமெரிக்கர்கள் எத்தனை பேர்? 2025 நவம்பரில் எக்ஸ் தளம் ஒரு வசதியைக் கொண்டுவந்தது. ஒரு கணக்கு எந்த நாட்டிலிருந்து இயங்குகிறது என்று யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம். பார்த்தார்கள். அமெரிக்கக் கொடியை முகப்பில் மாட்டிக்கொண்டு தேசபக்தி முழங்கிய கணக்குகளில் சில நைஜீரியா என்று காட்டின, சில வங்கதேசம், சில கிழக்கு ஐரோப்பா. அந்தத் தகவலில் பிசிறு உண்டு என்று நிறுவனத் தரப்பிலேயே ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. 2023இலிருந்து, அதிகம் பேர் பார்க்கும் கணக்குகளுக்கு அந்தத் தளம் காசு கொடுக்கிறது. கோபமூட்டினால் பதில் குவியும். பதில் குவிந்தால் வரும்படி. உலகத்தில் யாரையும் எளிதில் கோபப்படுத்த வேண்டுமா, அமெரிக்க அரசியலை எடுத்தால் போதும்.

நான் பேச வந்தது அந்தக் கணக்குகளைப் பற்றி இல்லை. ஒரு பைசா வாங்காமல், தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டு அதே சண்டையைப் போடுகிற நம்மைப் பற்றி. நமக்கு அதில் நியாயமான அக்கறையும் இருக்கிறது. தாம்பரத்திலோ கோவையிலோ ஒரு தெருவில் பத்து வீட்டைத் தட்டினால், இரண்டு வீட்டிலாவது பிள்ளை அமெரிக்காவில் இருப்பான். அவன் அங்கே இருப்பது பெரும்பாலும் எச்-1பி என்கிற விசாவால்; திறமை தேவைப்படும் வேலைக்கு நிறுவனங்கள் வெளிநாட்டவரை வரவழைக்கும் தற்காலிக விசா அது. அதனால் அந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2024 டிசம்பர் 22. அதிபராகப் பதவியேற்க ஒரு மாதம் இருந்தபோது, செயற்கை நுண்ணறிவு தொடர்பான மூத்த ஆலோசகராக ஸ்ரீராம் கிருஷ்ணனை டிரம்ப் அறிவித்தார். சென்னையில் பிறந்தவர். மறுநாளே லாரா லூமர் என்கிற டிரம்ப் ஆதரவாளர் அவரை எதிர்த்துக் கிளம்பினார். கிருஷ்ணன் முன்பு எழுதியிருந்த ஒரு பதிவுதான் காரணம். கிரீன் கார்டுக்கு நாடுவாரியாக இருக்கும் வரம்பை எடுத்துவிட்டால் நல்லது என்று அதில் சொல்லியிருந்தார். அது பரவிய வேகத்தில் 'நாடுவாரியாக' என்பது உதிர்ந்துபோனது. கிரீன் கார்டுக்கு வரம்பே வேண்டாம் என்கிறார், கதவைத் திறந்துவிடச் சொல்கிறார் என்று ஆகிவிட்டது. செயற்கை நுண்ணறிவு விவகாரங்களுக்கு டிரம்ப் தேர்ந்தெடுத்திருந்த டேவிட் சாக்ஸ் வந்து, அவர் சொன்னது அது இல்லை என்று விளக்கினார். விளக்கத்தை யார் படித்தார்கள்?

சரி, அந்த வித்தியாசம் என்ன? இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், சண்டையின் வேர் இதில்தான் இருக்கிறது.

எச்-1பி 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. இப்போது ஆண்டுக்கு 65,000, அமெரிக்காவில் மேல்படிப்பு முடித்தவர்களுக்கு இன்னொரு 20,000. பல்கலைக்கழகங்களுக்கு இந்த எண்ணிக்கை பொருந்தாது, அதை விடுவோம். இதில் எந்த நாட்டுக்கு எத்தனை என்ற கணக்கு கிடையாது. அதனால் அனுமதி பெறுகிறவர்களில் பத்தில் ஏழு பேருக்குக் குறையாமல் இந்தியர்கள். ஆனால் அங்கேயே தங்குவதற்கான கிரீன் கார்டு வேறு கணக்கு. வேலை அடிப்படையில் ஆண்டுக்கு 1,40,000, அதுவும் மனைவி மக்களையும் சேர்த்து. அதில் ஒரு நாட்டுக்கு ஏறக்குறைய 7 சதவீதம்தான். 140 கோடிப் பேர் உள்ள இந்தியாவுக்கும் அதே உச்சவரம்பு, நான்கு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் அதே உச்சவரம்பு. உள்ளே வரும் வாசல் நமக்கு அகலம், தங்கும் வாசல் குறுகல். இடையில் வரிசை நிற்கிறது. 2025 நடுவில், மேல்படிப்பு படித்த இந்தியர்களுக்கான பிரிவில் 2013 பிறக்கும் முன் விண்ணப்பித்தவர்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வரிசையில் நிற்கிறவன் வேலை மாறலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் புதிய முதலாளி தாள் வேலையைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். வேலை போய்விட்டால் 60 நாளுக்குள் வேறு வேலை, இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இப்படிப்பட்டவன் சம்பளம் போதவில்லை என்று குரல் உயர்த்துவானா? முதலாளிக்கு இதைவிடச் சௌகரியம் என்ன வேண்டும்? பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் அமெரிக்கனின் சம்பளமும் அதனால்தான் ஏறாமல் நிற்கிறது என்பது அவன் தரப்பு. என் பார்வையில் இரண்டு பேர் புகாரும் ஒன்றுதான்: வேலைக்காரனை ஒரே முதலாளியிடம் கட்டிப்போடும் ஏற்பாடு. இணையத்தில் அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்கத் தொழிலாளியின் புகாரை இனவெறி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அந்த டிசம்பரில் வந்த பதிவுகளில் அப்பட்டமான வெறுப்பு நிறைய இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 2015இல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் டிஸ்னி நிறுவனம் சுமார் 250 கணினிப் பணியாளர்களை வீட்டுக்கு அனுப்பியது. அவர்களில் சிலர், தங்கள் இடத்துக்கு இந்த விசாவில் வந்தவர்களுக்குத் தாங்களே வேலை கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்கள். நம் ஊரில் ஒரு வங்கியில் இப்படி நடந்திருந்தால் வாசலில் கொடி நட்டிருப்போம்.

இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் என்பதால் எச்-1பிக்கு ஆளைக் குலுக்கலில் எடுத்தார்கள். அந்தக் குலுக்கலிலும் தில்லுமுல்லு நடந்தது. ஒரே ஆளுக்காகப் பல நிறுவனங்கள் பெயர் கொடுக்க முடிந்த காலம் அது; பதிவுக் கட்டணம் வெறும் 10 டாலர். 2024 நிதியாண்டுக்கான குலுக்கலில் பதிவுகள் சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் வரை போயின. அடுத்த ஆண்டு, எத்தனை நிறுவனம் பெயர் கொடுத்தாலும் ஓர் ஆளுக்கு ஒரு சீட்டுதான் என்று விதியை மாற்றினார்கள். பதிவுகள் 4 லட்சத்து 80 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டன. இதற்கு நாடாளுமன்றம் கூடவில்லை, அதிபர் மேடையேறவில்லை. குடியேற்றத் துறை அலுவலகம் போட்ட ஒரு விதி, அவ்வளவுதான். இதைப் பற்றி எங்கேயும் காரசாரமான சண்டை நடந்து நான் பார்த்ததில்லை.

கட்சி வைத்தும் இந்த விஷயத்தைப் பிரிக்க முடியாது. அந்த டிசம்பரில் எலான் மஸ்க் இந்த விசாவுக்காகக் கச்சை கட்டிக்கொண்டு நின்றார். டிரம்பின் கட்சிக்காரரான விவேக் ராமசாமி, அமெரிக்கக் கலாசாரமே சுமாரான திறமையைக் கொண்டாடுகிறது என்று எழுதி, தன் கட்சிக்காரர்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்டார். வலது கோடியிலிருந்து ஸ்டீவ் பானன் விசாவைத் திட்டினார். சில நாளில் இடது கோடியிலிருந்து பெர்னி சாண்டர்ஸும் அதையே திட்டினார், மலிவான கூலிக்கு ஆள் பிடிக்கும் வழி இது என்று. டிரம்ப் ஒரு பத்திரிகையிடம், இந்த விசா தனக்குப் பிடிக்கும், தன் இடங்களிலேயே அப்படி வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றார். அவருடைய விடுதிகளில் சமையலுக்கும் அறை துடைக்கவும் வந்தவர்கள் பெரும்பாலும் எச்-2பி என்கிற வேறு விசாவில் வந்தவர்கள். அதிபராகப் போகிறவருக்கே குழப்பம் என்றால் நாம் எம்மாத்திரம்!

அப்புறம் 2025 செப்டம்பர் 19 வந்தது. புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் என்று டிரம்ப் கையெழுத்துப் போட்டார். அமெரிக்காவில் வெள்ளிக்கிழமை பிற்பகல், நமக்குச் சனிக்கிழமை விடிவதற்கு முன்னால். பக்கத்தில் நின்ற வணிகத் துறை அமைச்சர் ஹோவர்டு லட்னிக், இது ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தொகை என்கிற மாதிரிப் பேசினார். அங்கே சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி ஞாயிறு பிறந்ததும் அமல். இந்திய நேரத்துக்கு ஞாயிறு காலை ஒன்பதரை மணி. பெரிய நிறுவனங்கள் வெளியூர் போயிருந்த ஊழியர்களுக்கு உடனே திரும்பி வாருங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பின.

என் அக்கா மகன் அப்போது தாம்பரத்தில் இருந்தான். டல்லாஸில் வேலை, அத்திம்பேருக்குக் கண் ஆபரேஷன் என்று வந்திருந்தான். மறுநாள் மகாளய அமாவாசை. அக்கா வாழைக்காயும் புடலங்காயும் வாங்கி வைத்திருந்தாள். இவன் கூடத்தில் உட்கார்ந்து, மடிக்கணினியில் ஒரு பக்கம் டிக்கெட், கைபேசியில் ஒரு பக்கம் குடும்ப வாட்ஸ்அப் குழு என்று பார்த்துக்கொண்டிருந்தான். டிக்கெட் விலை நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறுகிறது. நேரத்துக்குள் போய்ச் சேரும் விமானமோ கிடைக்கவில்லை.

குழுவில் என்ன நடந்தது தெரியுமா? கோவைச் சித்தப்பா, "அவன் நாடு, அவன் சட்டம். இதுல கோபப்பட என்னப்பா இருக்கு?" என்று போட்டார். நியூஜெர்சியிலிருந்து தங்கை ஒருத்தி, "சித்தப்பா, ஊர்ல உட்கார்ந்துகிட்டு நீங்க என்ன வேணா பேசலாம்" என்றாள். அங்கிருந்து ஒபாமா, பைடன், மோடி, இடஒதுக்கீடு என்று எங்கெங்கோ போய்விட்டது. இவன் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "ஏற்கெனவே விசா இருக்கிறவனுக்கும் இது உண்டா?" அதற்கு மட்டும் பதில் வரவில்லை. அறிவிப்பு வெள்ளை மாளிகையின் தளத்திலேயே இருந்தது, சில பக்கம்தான். யாராவது திறந்து படித்திருக்கலாம். படித்திருந்தாலும் தெளிவு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். எழுதியது ஒரு மாதிரி, அமைச்சர் வாயால் சொன்னது வேறு மாதிரி. அமெரிக்காவில் சனிக்கிழமை மாலைதான் விளக்கம் வந்தது. ஒரே ஒரு முறை கட்டும் தொகை, புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும், கையில் விசா இருப்பவர்களுக்கோ புதுப்பிக்கிறவர்களுக்கோ இல்லை. நமக்கு அப்போது நடுராத்திரி தாண்டியிருந்தது. அவன் மடிக்கணினியை மூடிவிட்டுத் தூங்கப் போனான். குழுவில் சித்தப்பாவும் தங்கையும் ஓயவில்லை.

அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. நாடாளுமன்றம் சட்டம் போடாமல், அதிபர் ஒரு கையெழுத்தில் ஒரு லட்சம் டாலர் வசூலிக்க முடியுமா? அவர் கையில் எடுத்தது 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் ஒரு பிரிவு. ஒரு வகை வெளிநாட்டவர் வருவது நாட்டு நலனுக்குக் கேடு என்று கருதினால், அதிபர் அவர்கள் நுழைவை நிறுத்தலாம், நிபந்தனை போடலாம். சில நாடுகளின் மக்களுக்கு அவர் விதித்த பயணத் தடையை 2018இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று ஏற்றதும் இதே பிரிவை வைத்துத்தான். 2020 ஜூனில் எச்-1பி வருகையை நிறுத்தி வைத்ததும் இதே பிரிவால். ஆனால் நுழையாதே என்று சொல்வது வேறு, காசு கட்டிவிட்டு நுழை என்று சொல்வது வேறு. பணம் வசூலிப்பது நாடாளுமன்றத்தின் உரிமை என்று வாதாடி அக்டோபரிலேயே வழக்குப் போட்டார்கள். அமெரிக்க வர்த்தக சபையே ஒரு வழக்கில் வாதி. டிசம்பரில் வாஷிங்டன் நீதிபதி பெரில் ஹாவெல் அதிபருக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னார். ஹாவெலை நியமித்தவர் ஒபாமா. நீதிபதியை நியமித்தவர் பெயரைப் பார்த்தே தீர்ப்பை ஊகிக்கிறவர்கள் இந்த ஊர்ப் பக்கமும் இருக்கிறார்கள், அந்த ஊர்ப் பக்கமும் இருக்கிறார்கள்.

வரிசையைக் குறைக்க ஒருமுறை கிட்டத்தட்ட வழி பிறந்தது. நாடுவாரி வரம்பை எடுக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65 என்று நிறைவேறியது. இரு கட்சிக்காரர்களும் ஓட்டுப் போட்டார்கள். செனட்டில் அதைக் கொண்டுவந்தவர்கள் யூட்டா மாநிலத்துக் குடியரசுக் கட்சிக்காரர் மைக் லீயும், சென்னைப் பெண்ணின் மகள் கமலா ஹாரிஸும். முட்டுக்கட்டை போட்டவர் இல்லினாய் மாநிலத்து ஜனநாயகக் கட்சிக்காரர் டிக் டர்பின். அவர் சொன்ன காரணத்தில் சாரம் இருந்தது: மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் பங்கை மட்டும் மாற்றினால், இந்தியர்களின் காத்திருப்பு மற்ற நாட்டவர் தலையில் விழும், ஆகவே மொத்தத்தையும் கூட்டுங்கள் என்றார். இது பேச வேண்டிய பேச்சு. 1,40,000 என்ற எண் 1990இல் வைத்தது. அப்போது அநேகமாக யார் வீட்டிலும் இணையம்கூட இல்லை.

பேரம் பேசி, புதிய நிபந்தனைகள் சேர்த்து, 2020 டிசம்பர் 2ஆம் தேதி செனட்டும் ஒரு வடிவத்தை எதிர்ப்பில்லாமல் நிறைவேற்றியது. இரு சபைகளின் வடிவமும் ஒன்றாக இல்லை. அதைச் சரிசெய்ய இருந்தது ஒரு மாதம். யாரும் சரிசெய்யவில்லை. 2021 ஜனவரி 3ஆம் தேதி அந்த நாடாளுமன்றத்தின் ஆயுள் முடிந்தது, மசோதாவும் அதோடு செத்தது. மீண்டும் வேண்டுமென்றால் முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்த வரிசையில் நிற்கிறவர்கள் மூன்று பேர். அந்த வாரம் குழுவில் ஓடியதோ ஜார்ஜியா மாநிலத்தில் ஓட்டு எண்ணிக்கை ஒழுங்காக நடந்ததா இல்லையா என்கிற சண்டை. மசோதா என்று ஒன்று இருந்ததே அவர்களில் இரண்டு பேருக்குத் தெரியாது.

நேரம் ஆகிவிட்டது என்று ஒலிப்பதிவுக்காரர் கை காட்டுகிறார். வணக்கம்.