சுத்தியல் நேசமணி தெரியும், குமரி நேசமணி தெரியுமா?

வணக்கம் மக்களே. காற்று கொஞ்சம் பலமாக அடிக்கிறது, சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது நிற்பது நாகர்கோவிலில், மார்ஷல் நேசமணி மணிமண்டபத்து வாசலில்.

2019 மே மாதம் உலகமே நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்தது, ஞாபகம் இருக்கிறதா? 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் நேசமணியாக வரும் வடிவேலு தலையில் சுத்தியல் விழுந்த அந்தக் கதை. நானும் சிரித்தேன், மீம் போட்டேன். ஆனால் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நேசமணின்னா யாருன்னு தெரியுமாடே?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது சின்ன வயதில் நேசமணி போக்குவரத்துக் கழகம் என்று எழுதியிருந்த பஸ்தான். அந்தக் கேள்விக்கு இப்போதுதான் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

ஆள் பிறந்தது 1895-இல், விளவங்கோடு பக்கம் பள்ளியாடியில். படித்து வக்கீலானார். நாகர்கோவில் கோர்ட்டில் அப்போது மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. குடிக்கிற தண்ணீர்ப் பானையும் தனித்தனி. வந்த கொஞ்ச நாளிலேயே நேசமணி அந்த முக்காலியைக் காலால் தள்ளிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார் என்பது இந்த ஊரில் எல்லாரும் சொல்லும் கதை. சொல்கிற ஆளுக்கு ஏற்றபடி உதையின் வேகம் கூடும், குறையும். ஆனால் அவருடைய அரசியல் அந்த முக்காலியில்தான் தொடங்கியது என்பது என் எண்ணம். மொழி விஷயம் அப்புறம் வந்து சேர்ந்தது.

மொழி என்ன விஷயம்? இது அன்றைக்குத் திருவிதாங்கூர் ராஜ்ஜியம். வீட்டில், சந்தையில் தமிழ்; சர்க்கார் காகிதம் என்றால் மலையாளம். எங்கள் வீட்டுப் பழைய நிலப் பத்திரம் ஒன்று இருக்கிறது. முழுக்க மலையாள எழுத்து. வாசிக்க ஆள் தேடிப் போக வேண்டும்!

தமிழ்த் தாலுகாக்களைப் பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற இயக்கத்தை 1945-இல் தொடங்கியவர் சாம் நதானியேல். நேசமணி வந்தது 1947-இல். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற அந்த இயக்கம் அதற்குப் பிறகு பெரிய கட்சியாகிவிட்டது. முதல் பொதுத்தேர்தலிலேயே நாகர்கோவில் தொகுதியில் ஜெயித்து நேசமணி டெல்லி போனார். அகில இந்தியக் காங்கிரஸை எதிர்த்து, கவனியுங்கள்.

இனி 1954. அதைச் சொல்லத்தான் இந்த வீடியோவே.

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே மாநிலமாகியிருந்த காலம். அந்த வருஷம் அதன் முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளை. பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்காரர், கையில் பெரும்பான்மை கிடையாது. இன்றைக்குக் கேரளத்தில் இருக்கும் தேவிகுளம் மலைப் பக்கம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் மீது போலீஸ் கெடுபிடி அதிகமானது. தடையை மீறி அங்கே போன நேசமணியை ஜூலையில் கைது செய்தார்கள். அந்தக் கோபம் மலையிலிருந்து இங்கே இறங்கியது. ஆகஸ்ட் 11-ஆம் தேதி ஊர் ஊராக ஊர்வலம். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் எல்லாரும் சாதாரண ஜனங்கள்.

தன் கட்சி ஆட்சியே சுட்டதென்று தெரிந்ததும், கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா, தாணு பிள்ளையை ராஜினாமா செய்யச் சொன்னார். தாணு பிள்ளை மறுத்தார். அதில் கட்சிக்குள்ளேயே விரிசல் விழுந்து கடைசியில் லோகியா தனிக்கட்சி கண்டார். புதுக்கடையில் விழுந்த குண்டு டெல்லி வரை போய் ஒரு தேசியக் கட்சியைப் பிளந்திருக்கிறது. நம் பாடப் புத்தகத்தில் இதை நான் படித்ததே இல்லை. தாணு பிள்ளை ஆட்சி 1955 தொடக்கத்தில் கவிழ்ந்தது. கவிழ்த்ததில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஓட்டும் உண்டு.

அப்புறம் மாநிலங்களைத் திருத்திப் பிரிக்க பசல் அலி ஆணையம் வந்தது, அறிக்கை வந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது. செங்கோட்டையில் பெரும்பகுதி திருநெல்வேலிக்குப் போனது. கேட்டது ஒன்பது தாலுகா. நெய்யாற்றின்கரை, சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வரவில்லை. எந்த மலைக்காக நேசமணி ஜெயிலுக்குப் போனாரோ அந்த மலை அந்தப் பக்கமே நின்றுவிட்டது. இதைச் சொல்லாமல் "குமரித் தந்தை" என்று மாலை மட்டும் போட்டுவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை.

இணைப்பு முடிந்ததும் கட்சியைக் கலைத்துக் காங்கிரஸில் சேர்ந்தார். கிள்ளியூர் எம்.எல்.ஏ., பிறகு 1962-இலும் 1967-இலும் நாகர்கோவில் எம்.பி. அந்த 1967 என்ன வருஷம் தெரியுமா? திமுக அலையில் தமிழ்நாடு முழுக்கக் காங்கிரஸுக்குக் கிடைத்த எம்.பி. சீட் மூன்றே மூன்று. அதில் ஒன்று இவருடையது. காமராஜரே சொந்த ஊரான விருதுநகரில் தோற்றுப்போயிருந்தார்.

1968 ஜூன் 1-ஆம் தேதி நேசமணி இறந்தார். காலியான அந்த சீட்டுக்கு 1969 ஜனவரியில் இடைத்தேர்தல். நிற்க வந்தவர் காமராஜர். விருதுநகர் கைவிட்ட மனிதரை நாகர்கோவில் பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்கவைத்து டெல்லிக்கு அனுப்பியது.

சரி, வாட்ச்மேன் கேட்டைப் பூட்டப் போகிறார், கை காட்டுகிறார். அடுத்த வீடியோ புதுக்கடையிலிருந்து. வரட்டுமா?