பைனாகுலர் ஆணியில் தொங்கிய நாட்கள்

வணக்கம் நேயர்களே.

பறவை பார்க்கிறவன் என்று என்னை இங்கே அழைத்திருக்கிறார்கள். முதலிலேயே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 26 வருடங்களாகக் கழுத்தில் பைனாகுலரோடு கொழும்பைச் சுற்றித் திரிகிறேன். ஆனால் இன்றைக்கும் மனதை விட்டுப் போகாத பறவைகள் அநேகமாக எல்லாமே, அந்தப் பைனாகுலர் வீட்டு ஆணியில் தொங்கிய நாட்களில்தான் வந்தன.

தேடிப் போன நாட்களின் கதை வேறு. ஒருமுறை விடியற்காலையில் நண்பர்கள் ஐந்து பேரைத் தலங்கம குளத்துக்குக் கூட்டிப்போனேன். ஆம்பல் இலைகளில் இலைக்கோழிகள் நடந்தன, நீலத் தாழைக்கோழிகள் சண்டை பிடித்தன, எல்லாம் வழக்கமானவை. அக்கரை நாணலுக்குள் கறுப்பாக ஒன்று கழுத்தை நீட்டி நின்றது. "கருங்குருகு!" என்றேன். லேசில் வெளியே வராத பறவை அது. ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். காற்று ஒன்று அடித்தது. குருகு ஊதிப் பெருத்து, இரண்டு தரம் புரண்டு, மேலே எழும்பிப் போனது. ஷொப்பிங் பை! அந்த நண்பர்கள் வீட்டில் குப்பைப் பைக்கு இன்றைக்கும் பெயர் கருங்குருகுதான்.

தலங்கம, பெத்தகான, தியசரு என்று நம் நகரைச் சுற்றி நீர்நிலம் நிறைய உண்டு. 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் சாசனத்தின் கீழ் முதன்முதலாக 18 நகரங்களுக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொடுத்தார்கள். அதில் கொழும்பும் ஒன்று. ஆனால் நான் சொல்ல வந்தது அங்கே கண்ட பறவைகளை அல்ல.

பொரளை கனத்தை மயானம். நெருங்கிய உறவினர் ஒருவரின் தகனத்துக்குப் போயிருந்தேன். நல்ல வெயில், ஜனவரி மாதம். எல்லாரும் வெள்ளை உடுத்து, பேச்சில்லாமல் நின்றோம். தலைக்கு மேலே மரக்கிளையிலிருந்து ஒரு வெள்ளை நாடா அவிழ்ந்து விழுவது போல் இருந்தது. விழவில்லை, வளைந்து திரும்பி மறுபடியும் கிளைக்கே போனது. அரசவால் ஈப்பிடிப்பான். உடம்பு ஒரு சாண் கூட இராது, வால் அதைவிட நீளம். நம் தீவிலேயே குடியிருக்கும் இனத்தில் ஆண்பறவை செங்காவி நிறம்தான். வெள்ளையாக ஒன்றைக் கண்டால் அது இந்தியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வந்தது என்று தயங்காமல் சொல்லலாம். சிங்களத்தில் வெள்ளைக்கு ரெதி ஹொரா, துணிக்கள்ளன், என்று பெயர்; செங்காவிக்கு கினி ஹொரா, நெருப்புக் கள்ளன். சிதை மூட்டும் நேரத்தில் அந்த இரண்டு பெயரும் ஒன்றாக ஞாபகம் வந்தது. பக்கத்தில் நின்றவரிடம் காட்டலாமா என்று வாயெடுத்தேன், பிறகு சும்மா இருந்துவிட்டேன். மயானத்தில் நின்று குருவி காட்டினான் என்று சொந்தத்துக்குள் ஒரு பெயர் எடுக்க நான் தயாரில்லை.

கடல் பறவையும் ஒன்று உண்டு. ஆகஸ்ட் மாதம், தென்மேற்குக் காற்று பலமாக வீசிய ஒரு பின்னேரம், வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் நின்றபோது மேடையின் ஓரத்தில் ஓர் ஆலா சோர்ந்து உட்கார்ந்திருந்தது. முதுகு புகைச் சாம்பல், கண்ணை ஊடறுத்துக் கடிவாளம் போல் கறுப்புக் கோடு. அந்த மாதங்களில் இவை கூட்டங்கூட்டமாக நம் மேற்குக் கரையோரம் தெற்கே போகும், ஆனால் கரைக்கு எட்டத்தில். ரயில் வந்தது, ஆலா எழும்பியது. அவ்வளவுதான்.

இனி ஆறுமணிக் குருவி. இதைச் சொல்லத்தான் உண்மையில் வந்தேன்.

ஒக்டோபர் மாதத்து ஒரு காலை. எங்கள் தொடர்மாடியின் காவலாளி, ஹட்டன் பக்கத்துப் பையன், கதவைத் தட்டினான். "ஐயா, மாடிப்படியில ஒரு பச்சைக் குருவி விழுந்து கெடக்கு." கிளி என்று நினைத்துக்கொண்டுதான் இறங்கினேன். யன்னல் கண்ணாடியில் மோதியிருக்க வேண்டும். முதுகு பச்சை, தோளில் ஒரு துண்டு நீலம், கண்ணுக்குக் குறுக்கே கறுப்பு, வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். கையில் எடுத்துப் புரட்டினால், அடிவயிற்றில் குங்குமத்தில் உட்கார்ந்து எழும்பியது போல் சிவப்பு. உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்த வேகத்துக்கு என் கை நடுங்கியது.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டுகிற பறவை. குளிர்காலத்துக்கு இங்கே வரும், இரவில்தான் பறக்கும். வந்து சேரும் நாட்களில் களைத்துப்போய் வீட்டுக்குள்ளேயே விழுவதும் உண்டு. சப்பாத்துப் பெட்டியில் பேனாவால் நாலு ஓட்டை போட்டு, துணி விரித்து, உள்ளே வைத்து மூடினேன். மோதி மயங்கிய பறவைக்கு இருட்டும் அமைதியும்தான் மருந்து. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மனைவி கொஞ்சம் சோறு வைப்போமா என்றாள். புழு பூச்சி தின்கிறது, சோறு வேண்டாம் என்றேன். மேல்மாடிச் சிங்கள அம்மா எட்டிப் பார்த்து, "அனே, அவிச்சியா!" என்றார். சிங்களத்தில் இந்தக் குருவியின் பெயர் அது. முன்னொரு காலத்தில் மயிலின் தோகை இதனுடையதாக இருந்ததாம், மயில் களவெடுத்துவிட்டதாம், அதைக் கேட்டுத்தான் காலையும் மாலையும் அழுகிறதாம். நம் தீவில் பறவைகளுக்கும் உடுப்புக்கும் அப்படி என்ன வழக்கோ!

ஒரு மணித்தியாலத்தில் பெட்டிக்குள் கால் பிறாண்டும் சத்தம் கேட்டது. பின்வளவுப் பலாமரத்தடிக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தேன். உடனே பறக்கவில்லை. தத்தி இறங்கி, ஒரு காய்ந்த இலையைப் புரட்டிப் பார்த்து, அப்புறம் செடிக்குள் போய்விட்டது.

மாலையில் காவலாளியும் நானும் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில். அதன் பெயரையும், பெயர் வந்த காரணத்தையும் காலையில்தான் அவனுக்குச் சொல்லியிருந்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஆறு அஞ்சு, ஐயா. புது இடம்தானே."