பெடார்டா, செலெப்ரினியா? 4 அங்குலத்தில கிடக்கு விசயம்!

[திரையில் ரெண்டு எண் மட்டும்: 0.897 – 0.900]

ஒருத்தர் மட்சுக்கு 0.897 புள்ளி, மற்றவர் 0.900. கொனர் பெடார்டும் மக்லின் செலெப்ரினியும் என்எச்எல்ல, அதான் வட அமெரிக்காட பெரிய ஐஸ் ஹொக்கி லீக்ல, முதல் வருசம் எடுத்தது இதுதான். ஒருத்தர் 68 மட்ச்ல 61, மற்றவர் 70 மட்ச்ல 63. அப்ப ரெண்டு பேரும் ஒண்டுதானே எண்டு கேட்டா, இல்லவே இல்ல.

வணக்கம் மக்கள்! மட்டக்களப்பில ஐஸ் எண்டா பழக்கடையிலயும் மீன் பெட்டியிலயும்தான். ஆனா கனடாவில இருக்கிற மாமா, மச்சான் ஃபோன் எடுத்தா வாயில வாறது ஹொக்கிதான். அதால இத விளங்கி வச்சிருந்தா நல்லம்.

பின்னணி கெதியா முடிப்பம். ரெண்டு பேரும் கனடாவில வடக்கு வான்கூவரில வளர்ந்தவங்க. ரீமுகள் புது வீரர்கள வரிசையாத் தெரிவு செய்யக்குள்ள, பெடார்ட் 2023இல முதலாவது தெரிவா சிக்காகோ பிளாக்ஹோக்ஸுக்கு, செலெப்ரினி 2024இல முதலாவது தெரிவா சான் ஹோசே ஷார்க்ஸுக்கு. கோல் போட்டாலும் ஒரு புள்ளி, போடக் குடுத்தாலும் ஒரு புள்ளி. சரி, முடிஞ்சு.

[திரையில்: பெடார்டின் சூட், மெதுவாக]

இப்பதான் சாமான் இருக்கு. அவர்ர கையப் பாருங்க. பக், அதான் பந்துக்குப் பதிலா அடிக்கிற றப்பர் வட்டு, முதல்ல உடம்புக்கு வெளியால, தூரத்தில நிக்குது. கம்பு நுனியால அத ஒரே இழுப்பில பாதத்துக்குக் கிட்டக் கொண்டு வாறாரு. இழுக்கக்குள்ளயே கீழ்க்கை கம்ப அமத்துது, கம்பு வில்லு மாதிரி வளையுது. வளைஞ்சது நிமிரக்குள்ள பக் போயிற்று. இழுக்கிறதும் அடிக்கிறதும் ரெண்டு வேலை இல்ல, ஒரே வேலை.

இதால கோல்காப்பாளருக்கு என்ன நடக்குது? அவர் ஆள் நிக்கிற இடத்தப் பாக்கிறல்ல, பக் நிக்கிற கோட்டுக்கு நேரத்தான் நிப்பாரு. கணக்குப் பாருங்க. பக் கோலில இருந்து 30 அடி, காப்பாளர் 5 அடி முன்னுக்கு. பக் பக்கவாட்டில 2 அடி நகர்ந்தா அவரும் 4 அங்குலம் நகர வேணும். பக்குட விட்டம் எவ்வளவு? 3 அங்குலம். நகர மறந்தா கையிடுக்கால நுழையுற அளவு ஓட்டை ரெடி! மணிக்கு 80 மைல் வேகத்தில வந்தா அந்த 30 அடிக்குக் கால் செக்கன்தான். அதே வேகத்தில கிரிக்கெட் பந்து பெட்ஸ்மனுக்கு வர அரைச் செக்கனாவது போகும். கை மாறாம கூக்ளி போடுற மாதிரித்தான் இதுவும், ஆனா யோசிக்கக் கிடைக்கிற நேரம் பாதி.

செஞ்சு பாக்கிற தம்பிமாருக்கு ஒண்டு: இழுத்து முடிச்சிட்டு மறுகா அமத்தினா கம்பு வளையாது, பக் விளிம்பில எழும்பி உருளும், சூட் செத்துப் போகும். தலையக் குனிஞ்சு பக்கப் பார்த்து இழுத்தா எதிராளி வந்து இடிச்சுப் போட்டுருவான். பதினைஞ்சு வயசில கம்பு கடுசா எடுக்கிறதும் பிழை. கம்பில 100 எண்டு எழுதியிருந்தா, ஒரு அங்குலம் வளைக்க 100 இறாத்தல் வேணும். உங்கட உடம்புக்கு அது மண்வெட்டிப் பிடி.

[திரையில்: செலெப்ரினி, சொந்தக் கோலுக்குக் கிட்ட]

செலெப்ரினிட வேலை இவ்வளவு மினுக்கம் இல்ல, அதான் வீடியோவில விழாது. கூடைப்பந்து விளையாடின மட்டக்களப்புக்கு ஒரே வசனத்தில சொல்லலாம்: பின்பக்கத்தால எதிராளியத் தாங்கிப் பிடிச்சிற்று பந்த அங்கால வச்சிருக்கிறது. அதே இடுப்பு வேலையத்தான் ஐஸ்ல செய்யுறாரு. சும்மா இல்ல, தகப்பன் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் எண்ட அமெரிக்கக் கூடைப்பந்து ரீம்ல வீரர்கள்ர உடம்பப் பாக்கிற பொறுப்பில இருக்கிறவர்! மறுகா, பக் பறிபோனா தன்ட கோலடி வரைக்கும் ஓடி வந்து நிக்கிற ஆள். பெடார்ட் முதல் வருசம் நடுவில நிண்டு பக் எடுக்கிற போட்டியில நூற்றுக்கு 40ஐயும் தொடல்ல. நடு ஆட்டக்காரனுக்கு அது பெரிய ஓட்டை.

பெடார்டுக்கு மைனஸ் 44, செலெப்ரினிக்கு மைனஸ் 31 எண்டு ஒரு எண் போடுவாங்க. அவர் ஐஸ்ல நிக்கக்குள்ள ரீம் போட்ட கோலவிட வாங்கின கோல் எவ்வளவு கூட எண்டுறதுதான் அது, அதப் பாத்துப் பயப்படாதீங்க. ரெண்டு ரீமும் அந்தந்த வருசம் 82 மட்ச்ல லீக் அட்டவணையில 52 புள்ளிதான் எடுத்தது, அதில ஒரு மட்ச் வெண்டாலே 2 புள்ளி. ஓட்டை வள்ளத்தில ஏறினவன் நனையத்தான் செய்வான்.

என்னைக் கேட்டா, ரீம் கட்ட செலெப்ரினி. கடைசி 10 செக்கன்ல ஒரு கோல் வேணும் எண்டா பெடார்ட். இல்ல எண்டுறவங்க கொமெண்ட்ல வாங்க, சண்டை பிடிப்பம்.

குளிர்காலத்தில சிக்காகோவில இரவு 7 மணி மட்ச் எண்டா நமக்கு விடிய 6.30, சான் ஹோசேல எண்டா காலை 8.30. பெடார்ட்டிட்ட பக் வரக்குள்ள மட்டும் பக்க விட்டுட்டு, காப்பாளர்ர தோளப் பாருங்க. நகருதா, நகரல்லயா?